பல்கலைக்கழகப் பெருந்திட்டம்

நுழையும்முன்

கட்டடம் எழுப்புவதாலும் புதிய பாடப்பிரிவுகளைத் தொடங்குவதாலும் மட்டும் ஒரு பல்கலைக்கழகம் வளர்ந்துவிடுவதில்லை. யாருக்குக் கற்பிப்பது, எதைக் கற்பிப்பது, எதைப் பிற நிறுவனங்களுக்கு விட்டுக்கொடுப்பது, ஆகும் செலவை யார் ஏற்பது ஆகிய வினாக்களுக்கு முன்கூட்டியே விடை காண வேண்டும். இதனையே உத்திசார் திட்டமிடல் என்பர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1960ஆம் ஆண்டில் தன் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு வகுத்த பெருந்திட்டத்தின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தனியார் நிறுவனம் ஒன்று திட்டமிடுவதற்கும் அரசுப் பல்கலைக்கழகம் திட்டமிடுவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. தனியார் நிறுவனம் ஆதாயம் தராத பிரிவை மூடிவிடலாம். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அவ்வளவு எளிதில் அந்த உரிமை வாய்ப்பதில்லை. அது மக்களின் வரிப்பணத்தில் இயங்குவது. வரி செலுத்தும் ஒவ்வொருவரும் தம் பிள்ளைக்கு அங்கே ஓர் இடம் வேண்டுமென்று கேட்கும் உரிமை உடையவர். அதே வேளையில், கேட்போர் அனைவருக்கும் இடமளித்தால் ஆய்வின் தரம் தாழும் என்னும் அச்சம் பேராசிரியர்களுக்கு உண்டு. இவ்விரு கோரிக்கைகளுக்கும் இடையேதான் அரசுப் பல்கலைக்கழகத்தின் திட்டமிடல் நிகழ்கிறது.

வெள்ளம் வருமுன்

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் கலிபோர்னியாவின் மக்கள்தொகை விரைந்து பெருகியது. போரிலிருந்து திரும்பிய வீரர்கள் உயர்கல்வி பெறுவதற்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பொருளுதவி அளித்தது. அவர்களுள் பலர் கல்லூரிகளை நிறைத்தனர். போருக்குப்பின் பிறந்த பெருந்தொகையான குழந்தைகள் 1964ஆம் ஆண்டு முதல் பதினெட்டு வயதை எட்டத் தொடங்குவர் என்பது கணக்கறிந்த அனைவருக்கும் தெரிந்திருந்தது. பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை பதிவேட்டில் இருந்தது. அவர்கள் கல்லூரி வாயிலில் வந்து நிற்கப்போகும் ஆண்டும் தெரிந்திருந்தது. எதிர்காலத்தை இவ்வளவு தெளிவாக முன்னறியும் வாய்ப்பு திட்டமிடுவோருக்கு அரிதாகவே கிடைக்கும்.

அம்மாநிலத்தில் அப்போது மூவகை அரசு உயர்கல்வி நிறுவனங்கள் இருந்தன. முதலாவது, 1868இல் தோன்றிய கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். ஓக்லண்டு நகரில் தொடங்கிப் பின்னர் பெர்க்கிலிக்கு மாறிய இது, அரசமைப்பின்வழித் தன்னாட்சி பெற்ற ஆய்வுப் பல்கலைக்கழகம். இரண்டாவது, மாநிலக் கல்லூரிகள். இவற்றுள் பழைமையானவை ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளாகத் தோன்றியவை. மூன்றாவது, ஊர்கள்தோறும் உள்ளூர்ச் சொத்துவரியைக்கொண்டு நடத்தப்பட்ட இளநிலைக் கல்லூரிகள். இவ்வகையில் அம்மாநிலத்தின் முதற்கல்லூரி 1910இல் பிரெஸ்னோ நகரில் தொடங்கப்பெற்றது.

மூன்றுக்கும் இடையே பூசல் மூண்டது. ஆய்வுக்கான நிதியையும் முனைவர் பட்டம் வழங்கும் உரிமையையும் மாநிலக் கல்லூரிகள் கேட்டன. அவர்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. பெருநகரங்களின் மாணவர் கூட்டத்துக்குக் கற்பிக்கும் சுமை அவர்களுடையது. பெருமையோ பெர்க்கிலிக்கு உரியதாயிற்று. பல்கலைக்கழகத்தார் வேறு விதமாக எண்ணினர். ஒவ்வொரு கல்லூரியும் ஆய்வுப் பல்கலைக்கழகமாக மாறினால் மாநிலத்தின் நிதி சிதறும். எங்கும் ஆய்வுக்கூடம் முழுமை பெறாது. எங்கும் நூலகம் நிறையாது என்றனர். இதனிடையே சட்டமன்ற உறுப்பினர்கள் தத்தம் தொகுதிக்குக் கல்லூரி வேண்டும் என்று சட்ட முன்வரைவுகளைக் கொண்டுவந்தனர். மாணவர் எங்கே மிகுதி என்பதைக் காட்டிலும், உறுப்பினரின் செல்வாக்கு எங்கே மிகுதி என்பதே கல்லூரி அமையும் இடத்தை முடிவுசெய்துவிடும் நிலை உருவாயிற்று.

உடன்படிக்கை

சட்டமன்றத்தின் கல்விக்குழுத் தலைவராக இருந்த டோரதி டொனாகோ என்னும் உறுப்பினர், 1959இல் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவும் மாநிலக் கல்விவாரியமும் ஒன்றுகூடி உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்து அளிக்க வேண்டும் என்று அத்தீர்மானம் கூறியது. அரசியலாளர் தாமே முடிவெடுக்காமல், பூசலிடும் தரப்பினரையே ஒரே மேசையில் அமரச் செய்தது அதன் சிறப்பு.

திட்டக்குழுவின் தலைமை இரு தரப்பையும் சாராத ஒருவருக்கு அளிக்கப்பட்டது. ஆக்சிடெண்டல் கல்லூரி என்னும் தனியார் கல்லூரியின் தலைவர் ஆர்தர் கூன்ஸ் அப்பொறுப்பை ஏற்றார். மாநிலக் கல்லூரிகளின் சார்பில் கிளென் டம்கியும், பல்கலைக்கழகத்தின் சார்பில் டீன் மெக்ஹென்றியும் வாதிட்டனர். பல்கலைக்கழகத்தின் தலைவராக 1958இல் பொறுப்பேற்றிருந்த கிளார்க் கெர் இம்முயற்சியின் உந்துவிசையாக விளங்கினார். பென்சில்வேனியாவில் ஆப்பிள் பயிரிட்ட உழவர் குடும்பத்தில் 1911இல் பிறந்த அவர், தொழிலாளர் பொருளியல் வல்லுநர். முதலாளிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே நடுவராக இருந்து பல பிணக்குகளைத் தீர்த்தவர். பல்கலைக்கழகத் திட்டமிடலுக்கு அவ்வனுபவம் பெரிதும் கைகொடுத்தது எனலாம்.

பேச்சு பலமுறை முறியும் நிலைக்குச் சென்றது. முனைவர் பட்ட உரிமையில் இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. இறுதியில் ஒரு நடுவழி கண்டனர். முனைவர் பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கே உரியது. எனினும் மாநிலக் கல்லூரி ஒன்று பல்கலைக்கழகத்தோடு இணைந்து கூட்டாக அப்பட்டத்தை வழங்கலாம். மாநிலக் கல்லூரிகளுக்கெனத் தனி அறங்காவலர் குழு ஒன்று அமையும். 1959 டிசம்பரில் இருதரப்பு அமைப்புகளும் கொள்கையளவில் இசைந்தன. 1960 ஏப்ரலில் மாநில ஆளுநர் பேட் பிரவுன் சட்டத்தில் கையொப்பமிட்டார். தீர்மானத்தைக் கொண்டுவந்த டொனாகோ அந்நாளைக் காணவில்லை. அதே மாதத் தொடக்கத்தில் அவர் காலமானார். சட்டத்துக்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது.

எட்டில் ஒருவர், மூவரில் ஒருவர்

1960 முதல் 1975 வரையிலான பதினைந்து ஆண்டுகளை மனத்திற்கொண்டு வரையப்பட்ட அத்திட்டத்தின் உயிர்நாடி ஓர் எளிய கணக்கு. மாநிலத்தின் உயர்நிலைப்பள்ளி முடிப்போருள் முதல் எட்டில் ஒரு பங்கினர், அதாவது நூற்றுக்கு 12.5 பேர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குத் தகுதியுடையோர். முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்குத் தகுதியுடையோர். கற்றுப் பயன்பெறக் கூடிய ஏனைய அனைவருக்கும் இளநிலைக் கல்லூரிகளின் வாயில் திறந்திருக்கும். பள்ளி முடிப்போர் 240 பேர் என்று கொண்டால், 30 பேர் பல்கலைக்கழகத்தில் சேரலாம். அவர்களையும் சேர்த்து 80 பேர் மாநிலக் கல்லூரியில் சேரலாம். இளநிலைக் கல்லூரி 240 பேருக்கும் உரியது.

இக்கணக்கை மேலோட்டமாகப் பார்ப்போர் இதனைத் தடுப்புச்சுவர் என்று கருதக்கூடும். அக்கருத்து முற்றிலும் தவறன்று. அதற்குமுன் பல்கலைக்கழகம் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பேரையும், மாநிலக் கல்லூரிகள் ஏறத்தாழ பாதிப்பேரையும் தகுதியுடையோராகக் கொண்டிருந்தன. திட்டம் இவ்விரு வாயில்களையும் குறுக்கவே செய்தது. ஆயினும் இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். அக்காலத்தில் உலகின் பெரும்பகுதியில் உயர்கல்வி ஒரு சிறு பிரிவினரின் உடைமையாக இருந்தது. பள்ளி முடித்த எவருக்கும் உயர்கல்வியில் ஓரிடம் உண்டு என்று ஓர் அரசு சட்டத்தின்வழி உறுதியளித்தது புதுமை. அந்த உறுதிமொழியைத் தாங்கும் தூண், ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்கு மாறிச் செல்லும் வழியே.

அமெரிக்காவில் இளநிலைப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள் கொண்டது. முதல் இரண்டு ஆண்டுகளில் பொதுப்பாடங்களும் அடிப்படைப் பாடங்களும் இடம்பெறும். அவற்றைக் கற்பிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. வீட்டிலிருந்து சென்றுவரும் தொலைவில் உள்ள இளநிலைக் கல்லூரியே போதும். அங்கு இரண்டாண்டு நன்கு பயின்றவர் மூன்றாம் ஆண்டில் மாநிலக் கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ மாறலாம். இதற்கு இடம் ஒதுக்கும் பொருட்டு, இளநிலைப் பட்ட மாணவர்களுள் மேல் இரண்டு ஆண்டுகளில் 60 பேரும் கீழ் இரண்டு ஆண்டுகளில் 40 பேரும் என்னும் விகிதத்தைப் பல்கலைக்கழகம் பேண வேண்டும் என்று வகுத்தனர். ஆகவே பதினெட்டு வயதில் ஒரு தேர்வில் தவறியதாலோ, குடும்பச் சூழலால் மதிப்பெண் குறைந்ததாலோ ஒருவரின் கல்வி முடிந்துவிடாது. இருபது வயதில் அதே பல்கலைக்கழகத்தின் வாயிலை அவர் மீண்டும் தட்டலாம். செலவு குறைந்த வழியும் இதுவே, நியாயமான வழியும் இதுவே. இவ்விரண்டும் ஒருங்கே அமைதல் பொதுத்திட்டங்களில் எளிதன்று.

கலிபோர்னியாவின் மாணவரிடம் கற்பித்தலுக்கெனக் கட்டணம் பெறுவதில்லை என்னும் நெடுநாள் கொள்கையையும் திட்டம் மீண்டும் உறுதிசெய்தது. மருத்துவ வசதி, விளையாட்டு போன்ற பிற பணிகளுக்கு மட்டும் சிறு தொகை பெறலாம் என்றது.

தெரிந்து தெளிவோம்

ஒரு வளாகம் அளவிறந்து பெருத்தால் மாணவர் முகமறியாக் கூட்டமாகிவிடுவர் என்பதால், பல்கலைக்கழக வளாகம் ஒன்றுக்கு 27,500 மாணவர் என்று உச்சவரம்பு வகுக்கப்பட்டது. பெருகும் மாணவர்க்கெனப் புதிய வளாகங்கள் எழுந்தன. சாந்தா குரூசு, இர்வைன் ஆகிய இரண்டும் 1965இல் மாணவர்களை ஏற்றன. இர்வைன் வளாகத்துக்கு 1,000 ஏக்கர் நிலத்தை அதன் உரிமையாளரான நிறுவனம் ஒரு டாலர் விலைக்கு அளித்தது. திட்டக்குழுவில் வாதிட்ட டீன் மெக்ஹென்றியே சாந்தா குரூசு வளாகத்தின் முதல் தலைவரானார்.

திட்டம் காணாதவை

1960 அக்டோபரில் ‘டைம்’ இதழ் கெரின் படத்தை அட்டையில் வெளியிட்டது. பிற நாடுகளின் கல்வியாளர்கள் கலிபோர்னியாவை நோக்கி வந்தனர். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில், திட்டத்தின் கணக்குகளுக்குள் அடங்காத ஒன்று வெளிப்பட்டது. 1963இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில், பெருகிவரும் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர் புறக்கணிக்கப்படுவதைக் கெரே சுட்டிக்காட்டினார். அடுத்த ஆண்டே பெர்க்கிலி வளாகத்தில் அரசியல் கருத்துரிமை கோரி மாணவர் போராட்டம் வெடித்தது. மாணவர்கள் கெரைக் கடுமையானவர் என்றனர். பழைமை விரும்பிகள் அவரை மென்மையானவர் என்றனர். 1966 தேர்தலில் ரொனால்டு ரீகன் மாநில ஆளுநரானார். 1967 ஜனவரி 20 அன்று ஆட்சிக்குழு 14க்கு 8 என்னும் வாக்கில் கெரைப் பதவியிலிருந்து நீக்கியது. மாணவர் எத்தனை பேர் வருவர் என்பதைச் சரியாகக் கணித்த திட்டம், வந்தபின் அவர்கள் என்ன கேட்பர் என்பதைக் கணிக்கவில்லை.

அதனினும் பெரிய குறை, நிதியைப் பற்றியது. யார் எதைச் செய்வது என்பதைத் திட்டம் தெளிவாக வரையறுத்தது. ஆண்டுதோறும் அதற்கு வேண்டிய பணம் கிடைப்பதற்கோ எந்தக் காப்பும் செய்யவில்லை. செழிப்பு நீடிக்கும் என்னும் நம்பிக்கையே அதன் அடித்தளம். அந்த அடித்தளம் படிப்படியாக நழுவியது. 1970இல் பல்கலைக்கழகம் கல்விக்கட்டணம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. 1978இல் வாக்காளர்கள் பதின்மூன்றாம் முன்மொழிவு எனப்படும் சட்டத்தை நிறைவேற்றிச் சொத்துவரியை மதிப்பின் நூற்றில் ஒரு பங்குக்கு மேற்போகாதவாறு கட்டுப்படுத்தினர். உள்ளூர்ச் சொத்துவரியை நம்பியிருந்த இளநிலைக் கல்லூரிகள் அப்போது சமுதாயக் கல்லூரிகள் என்று பெயர் பெற்றிருந்தன. அவை மாநில அரசின் கையை எதிர்பார்க்கலாயின. 1984இல் அவையும் முதன்முறையாகக் கட்டணம் விதித்தன; பருவத்துக்கு மிகுதியாக 50 டாலர். தொகை சிறிது, எனினும் கட்டணமில்லாக் கல்வி என்னும் கொள்கை கடைசிப் படியிலும் உடைந்தது.

1988இல் மற்றொரு முன்மொழிவின்வழிப் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் மாநில வருவாயில் குறைந்தபட்சப் பங்கு உறுதிசெய்யப்பட்டது. இரு பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் அத்தகைய உறுதி இல்லை. மருத்துவ உதவிக்கும் சிறைகளுக்கும் செலவு ஏறியபோது, சட்டத்தால் காக்கப்படாத செலவே முதலில் வெட்டப்பட்டது. 2008இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் இது உச்சத்தை எட்டியது. 2011-12ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் மாணவர் கட்டணத்தில் பெற்ற தொகை, மாநில அரசு கொடுத்த தொகையை முதன்முறையாக விஞ்சியது. அவ்வாண்டில் அம்மாநில மாணவர் ஒருவருக்கான கட்டணம் ஏறத்தாழ 12,000 டாலர். வறிய குடும்பத்து மாணவர்க்கு அரசின் உதவித்தொகையும் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையும் கட்டணத்தை ஈடுசெய்கின்றன என்பது உண்மை. ஆயினும் தங்குமிடமும் உணவும் நூல்களும் அதற்குள் அடங்குவதில்லை. உதவித்தொகைக்கான வருமான வரம்பைச் சற்றே தாண்டிய குடும்பங்களோ கடனை நாடுகின்றன.

மாறிச் செல்லும் வழியிலும் முட்கள் வளர்ந்தன. சமுதாயக் கல்லூரியில் பயின்ற ஒரு பாடத்தை ஒரு பல்கலைக்கழகம் ஏற்கும், மற்றொன்று ஏற்காது. ஒரு துறை கணிதத்தில் இன்ன தாளை முன்தகுதியாகக் கேட்கும், வேறொரு துறை அதற்கு ஈடாக வேறொன்றைக் கேட்கும். பகலில் பணிசெய்து மாலையில் பயிலும் மாணவர் ஒருவர் இந்நுணுக்கங்களைத் தாமே அறிந்து பாடங்களைத் தேர்வது கடினம். வழிகாட்டும் ஆலோசகர்களோ மிகக் குறைவு. இதனால் இரண்டாண்டில் முடியவேண்டியது மூன்றாகவும் நான்காகவும் நீண்டது. பலர் இடையிலேயே நின்றனர். திட்டத்தின் தூணாக இருந்த வழி, தாளில் அகலமாகவும் நடைமுறையில் ஒடுக்கமாகவும் ஆயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்குப்பின், 2010இல், இதைச் சீர்செய்ய ஒரு சட்டம் வந்தது. சமுதாயக் கல்லூரியில் அதற்கென வகுக்கப்பட்ட ஈராண்டுப் பட்டத்தை முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் மூன்றாம் ஆண்டில் இடம் உறுதி என்று அது கூறியது. பெர்க்கிலி போன்ற வளாகங்களைக் கொண்ட கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

எல்லைகள் நெகிழ்தல்

முனைவர் பட்டத்தைச் சுற்றி 1959இல் வரைந்த கோடும் நாளடைவில் நெகிழ்ந்தது. மாநிலக் கல்லூரிகள் பின்னர் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் என்னும் அமைப்பாயின. கல்வியியல் துறையில் தனித்து முனைவர் பட்டம் வழங்கும் உரிமையை 2005இல் அவை பெற்றன. 2014இல், தேர்ந்தெடுத்த சில சமுதாயக் கல்லூரிகள் சோதனை முறையில் நான்காண்டுப் பட்டம் வழங்கவும் சட்டம் இடம்தந்தது. பள்ளி முதல்வர்களுக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் இருந்த தேவையே இம்மாற்றங்களுக்குக் காரணம். பதினைந்து ஆண்டுகளுக்கு வரைந்த எல்லை நாற்பத்தைந்து ஆண்டுகள் நின்றதே வியப்பு.

மூன்று பிரிவுகளையும் ஒருங்கே வைத்துக் கணக்கிட அரசு அமைத்த ஒருங்கிணைப்புக்குழு, 1974இல் ஆணையமாக மாற்றப்பட்டது. 2011இல் மாநில ஆளுநர் அதற்கான நிதியை நீக்கியதால் அவ்வாணையம் மூடப்பட்டது. நிதியை நீக்கியவர் ஜெர்ரி பிரவுன். 1960இல் பெருந்திட்டச் சட்டத்தில் கையொப்பமிட்ட பேட் பிரவுனின் மகன்.

எட்டில் ஒரு பங்கு என்னும் கணக்கு மட்டும் நிலைத்தது. ஆனால் அந்த ஒரு பங்கினரை எவ்வாறு அறிவது என்னும் முறை மாறியது. மாநிலம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வைத்தால், நல்ல ஆய்வுக்கூடமும் போதிய ஆசிரியர்களும் உள்ள பள்ளிகளின் மாணவரே மீண்டும் மீண்டும் தேர்வாயினர். வேளாண் தொழிலாளர் வாழும் பகுதிகளின் பள்ளிகள் பின்தங்கின. ஆகவே 2001 முதல் ஒவ்வொரு பள்ளியிலும் முதல் நூற்றில் நான்கு பங்கினர் தகுதியுடையோராக ஏற்கப்பட்டனர். 2012இல் அது நூற்றில் ஒன்பதாக உயர்த்தப்பட்டது. அவ்வாறு தகுதிபெற்றும், தாம் விண்ணப்பித்த வளாகங்களில் இடம் கிடைக்காதவருக்குப் பல்கலைக்கழகத்தின் வேறொரு வளாகத்தில், இடமிருக்கும்வரை, வாய்ப்பளிக்கப்படுகிறது. 2005இல் திறக்கப்பட்ட மெர்செட் வளாகமே பெரும்பாலும் அவர்களை ஏற்கிறது. சான் வாக்கின் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு நடுவே அமைந்த அவ்வளாகத்தில் பயில்வோருள் பெரும்பான்மையினர், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படி ஏறியவர்கள்.